மார்மன் நண்பரிடம் சுவிசேஷம் சொல்லப்போய் நான் பட்ட பாடு

முதலில் பணக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், சொல்ல அதுதான் சுலபம். கைப்பிரதிகள் இரண்டு பெட்டி, 180 டாலர். மார்மன்களுக்கு (19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் தோன்றிய ஒரு சபையார்) சாட்சி சொல்வது எப்படி என்று ஒரு வார இறுதிப் பயிற்சி, தங்கின செலவோடு சேர்த்து 420. புத்தகங்கள் 260. ஆகமொத்தம் 860 டாலர். அதுபோக 14 மாதச் சனிக்கிழமைக் காலைகள். இத்தனையும் செலவழித்து நான் சாதித்தது என்ன என்றால், தங்கமான ஒரு அயல்வீட்டுக்காரர் தன் சபையை விட்டு வெளியே வந்தார். வந்தவர் கிறிஸ்துவிடம் வரவில்லை, கடவுளே வேண்டாம் என்று போய்விட்டார். அவர் மனைவி இன்றுவரை என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. இதை யாரிடம் சொல்லி அழுவது என்று தெரியாமல் ஒரு வருஷம் தனியாகப் புழுங்கினேன். எங்கள் சபையில் சொன்னபோது கைதட்டினார்கள். அதனால்தான் இப்போது எழுதுகிறேன். இதே பாரத்தோடு இன்னொருவர் கிளம்பிக்கொண்டிருப்பார், அவர் கண்ணில் படட்டும்.

2019இல் வேலை நிமித்தம் யூட்டா மாநிலத்தில் லீஹை என்ற ஊருக்குக் குடிபோனோம். அந்த ஊர்ப் பெயரே மார்மன் புத்தகத்தில் (வேதாகமத்தோடு சேர்த்து அவர்கள் வேதமாக வைத்திருக்கும் நூல்) வரும் ஒரு தீர்க்கதரிசியின் பெயர் என்பது எனக்கு ஆறு மாதம் கழித்துத்தான் தெரியும். அங்கே நீஃபை என்று ஒரு ஊர், மரோனி என்று ஒரு ஊர். நாம் பெத்லகேம், நாசரேத் என்று பெயர் வைப்பதைப் போலத்தான். 1847 ஜூலை 24 அன்று அவர்கள் முன்னோடித் தலைவர் பிரிகம் யங் தன் கூட்டத்தோடு சால்ட் லேக் பள்ளத்தாக்கில் வந்து இறங்கியதை இன்றைக்கும் மாநில விடுமுறை விட்டு, வாணவேடிக்கையோடு கொண்டாடுகிறார்கள். அதாவது, நீங்கள் ஒரு தனிமனிதரிடம் ஒரு உபதேசத்தைப் பற்றிப் பேசுவதாக நினைத்துக்கொண்டு வாயைத் திறக்கிறீர்கள். எதிரே இருப்பவருக்கோ அது அவருடைய கொள்ளுத்தாத்தா, ஊர், கல்யாணம், கல்லூரி, சாவு வீடு எல்லாம் சேர்ந்த ஒன்று. இந்த அளவு வித்தியாசம் எனக்கு மண்டையில் ஏறவில்லை.

போன முதல் குளிர்காலத்தில் விடிந்து வெளியே வந்தால் எங்கள் வீட்டு வாசல்பாதையில் பனி இருக்காது. பக்கத்து வீட்டுக்காரர் தன் வாசலை வாரிவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் எங்களுடையதையும் வாரிவிட்டுப் போயிருப்பார். என் மனைவிக்கு அறுவைச் சிகிச்சை நடந்தபோது அவர்கள் வார்டுப் பெண்கள் (வார்டு என்றால் அவர்களுடைய உள்ளூர்ச் சபை) முறைபோட்டுக்கொண்டு ஒன்பது நாள் சாப்பாடு கொண்டுவந்தார்கள். நாங்கள் உறுப்பினர்கள்கூட இல்லை. எங்கள் சபையிலிருந்து வாட்ஸ்அப்பில் கைகூப்பிய படம் வந்தது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. பிறகு நடந்ததற்கு இதுவும் ஒரு காரணம், அதனால் சொல்கிறேன்.

அந்த அயல்வீட்டுக்காரருக்கு அப்போது 44 வயது. இளம்வயதில் இரண்டு வருஷம் சிலி நாட்டில் மிஷனரியாக இருந்தவர். வார்டில் பொறுப்பில் இருந்தார். அவர்களுடைய பிஷப் முதற்கொண்டு வார்டில் யாருக்கும் சம்பளம் கிடையாது, எல்லாரும் வேலைக்குப் போய்க்கொண்டே பார்க்கிறார்கள். சனிக்கிழமை காலையில் அவர் காருக்கு எண்ணெய் மாற்றுவார், நான் கூடப் போய் நிற்பேன். அப்படித்தான் பேச்சு ஆரம்பித்தது. எனக்குள் பாரம் ஏறிவிட்டது. இவ்வளவு நல்ல மனுஷன் தவறான சுவிசேஷத்தில் இருக்கிறாரே என்று ராத்திரி தூக்கம் வராது. அந்தப் பாரம் பொய்யில்லை, இன்றைக்கும் இருக்கிறது. ஆனால் பாரத்தோடு கொஞ்சம் வேட்டைக் குணமும் கலந்திருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

பயிற்சிக்குப் போனேன். இரண்டு நாளில் 40 கேள்விகள் கொண்ட ஒரு தாளைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். அந்தத் தாளில் இருந்த பாதி விஷயங்களை நான் சரியாகப் புரிந்துகொள்ளாமலேயே வந்து கொட்டினேன். உதாரணத்துக்கு, "நீங்கள் இன்னும் பலதாரம் கட்டுகிறீர்களே" என்று கேட்டேன். அவர் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டே, 1890இலேயே எங்கள் சபை அதை நிறுத்த அறிவிப்புக் கொடுத்துவிட்டது, இன்றைக்கு அப்படிச் செய்தால் சபையை விட்டே நீக்கிவிடுவார்கள், நீங்கள் சொல்வது பிரிந்துபோன வேறு குழுக்கள் என்றார். கோபமே இல்லை. அதுதான் அதிகம் சுட்டது. 2004இல் சால்ட் லேக் நகரத்தின் டேபர்நக்கிள் மண்டபத்தில், ஃபுல்லர் இறையியல் கல்லூரியின் தலைவராக இருந்த ரிச்சர்ட் மௌவ், நாம் உங்களைப் பற்றித் தவறாகச் சொல்லிவந்திருக்கிறோம், அது உங்களுக்கு எதிராகச் செய்த பாவம் என்று எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டார். அவர் சார்ந்த நம் பக்கத்திலேயே பலருக்கு அது பிடிக்கவில்லை. அதைப் பற்றி முதலில் வாசித்தபோது எனக்கும் பிடிக்கவில்லை. பலதாரச் சனிக்கிழமைக்குப் பிறகு புரிந்தது. பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக என்ற கற்பனைக்கு, எதிராளி மார்மனாக இருந்தால் விலக்கு உண்டு என்று எங்கேயும் எழுதவில்லை.

பெயர் விஷயமும் அப்படித்தான். 2018இல் அப்போது அவர்கள் தலைவராக இருந்த ரசல் நெல்சன், இனி மார்மன் என்ற பட்டப்பெயர் வேண்டாம், பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்று முழுப்பெயரைச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டார். புகழ்பெற்ற பாடகர் குழுவின் பெயரையே மாற்றினார்கள். நீளமான பெயர்தான், எனக்கும் வாயில் வராது, இந்தக் கட்டுரையிலேயே பழைய பெயரைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன், தேடுகிறவருக்கு அதுதான் தெரியும் என்பதால். ஆனால் நேரில் பேசும்போது ஒருமுறையாவது முழுப்பெயரைச் சொல்லிப் பாருங்கள். எதிரே இருப்பவர் தோள் தளர்வதைப் பார்ப்பீர்கள். அதற்கு மாறாக, "நீங்கள் கிறிஸ்தவர்களே இல்லை" என்று நான் ஆரம்பித்த நாளில் பேச்சு நான்கு நிமிஷத்தில் முடிந்தது. அவர் மிஷனரியாக இருந்த காலத்தில் சட்டைப்பையில் மாட்டியிருந்த பெயர்ப்பட்டையிலேயே இயேசு கிறிஸ்து என்ற பெயர் இருந்திருக்கிறது. அவரிடம் போய் அந்த வார்த்தையைப் பிடுங்கினால் மற்றது எதுவும் காதில் ஏறாது. உபதேச வித்தியாசம் இருக்கிறது, பெரிய வித்தியாசம், அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் வாசலிலேயே சொன்னால் வீட்டுக்குள் போக முடியாது.

அடுத்தது வார்த்தைகள். இந்த ஒன்றை மட்டும் யாராவது முன்கூட்டிச் சொல்லியிருந்தால் எனக்கு மூன்று மாதம் மிச்சமாகியிருக்கும். கிருபையினாலே இரட்சிக்கப்படுகிறோம் என்றேன், ஆமாம் என்றார். இயேசு தேவனுடைய குமாரன் என்றேன், ஆமாம் என்றார். பாவநிவாரணம், பரலோகம், நித்திய ஜீவன், எல்லாவற்றுக்கும் ஆமாம். வீட்டுக்கு வந்து மனைவியிடம், கர்த்தர் கதவைத் திறந்துவிட்டார் என்று துள்ளினேன். கதவும் திறக்கவில்லை, ஒன்றும் திறக்கவில்லை. நாங்கள் இரண்டு பேரும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு வேறு வேறு சரக்கைப் பேசிக்கொண்டிருந்தோம். அவர்கள் பேச்சில் இரட்சிப்பு என்றால் பல சமயம் எல்லாருக்கும் கிடைக்கும் உயிர்த்தெழுதல். பரலோகம் என்றால் மூன்று மகிமைகள், அதில் மேலானது செலஸ்டியல். அதன் உச்சியில் குடும்பமாக என்றென்றும் வாழ்ந்து, பிதாவைப் போலாகும் மேன்மைதான் அவர்கள் எட்ட நினைப்பது. அதற்கு ஞானஸ்நானம், ஆலயச் சடங்குகள் (ஆலயம் என்றால் ஞாயிறு கூடும் இடம் அல்ல, அனுமதிச் சீட்டு உள்ளவர்கள் மட்டும் போகும் தனி இடம்), உடன்படிக்கைகளைக் காத்துக்கொள்ளுதல் எல்லாம் வேண்டும். பிதாவுக்கு மாம்சமும் எலும்பும் உள்ள சரீரம் உண்டு என்பது அவர்கள் வேதத்திலேயே இருக்கிறது. கிருபை உண்டுதான், ஆனால் மார்மன் புத்தகத்தில் 2 நேபி 25:23 சொல்வது, நம்மால் ஆனதெல்லாம் செய்த பிறகு கிருபையால் இரட்சிப்பு என்று. அந்தப் "பிறகு" என்ற சொல்லில்தான் நமக்கும் அவர்களுக்கும் நடுவே இருக்கும் பள்ளம் முழுவதும் கிடக்கிறது. அவர்களிலேயே இப்போது சிலர் அதற்கு, நாம் எவ்வளவு செய்தாலும் கடைசியில் கிருபைதான் என்று மென்மையாகப் பொருள் சொல்கிறார்கள். ஆகவே உங்கள் சபை இப்படித்தான் போதிக்கிறது என்று நாம் அடித்துச் சொல்வதைவிட, இந்த வார்த்தைக்கு நீங்கள் என்ன அர்த்தம் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்பதே மேல். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். எனக்கு இரண்டாவதுதான் கஷ்டமாக இருந்தது.

நாம் கேட்டால் அவரும் திருப்பிக் கேட்பார், அதற்கும் தயாராக இருங்கள். திரித்துவம் என்றால் என்ன என்று கேட்டார். நான் ஞாயிறு பள்ளியில் கற்ற மாதிரி, தண்ணீர் ஐஸாகவும் ஆவியாகவும் இருக்கிறதல்லவா, அதுபோல என்றேன். சிரித்துக்கொண்டே, ஒருவரே மூன்று வேஷம் போடுவதாகச் சொல்வது அல்லவா அது, உங்கள் ஆதிச் சபையே அதைத் துர்உபதேசம் என்று தள்ளிவிட்டதே என்றார். சரிதான். அந்த உபதேசத்தைப் போதித்த சபெல்லியுஸ் என்பவரின் பெயரை அவர் சொன்னார், நான் வீட்டுக்கு வந்து தேடினேன். மார்மன்களுக்குச் சாட்சி சொல்லப் போகிறவர் மார்மன் உபதேசத்தை வாசிப்பதற்கு முன் தன் சொந்த உபதேசத்தை ஒழுங்காக வாசிக்க வேண்டும். நான் வாங்கிய 260 டாலர் புத்தகங்களில் ஒன்றுகூட அந்த வகையில்லை.

ஒரு ஞாயிறு அவர் அழைத்ததால் அவர்கள் ஆராதனைக்குப் போனேன். மாதத்தின் முதல் ஞாயிறு, உபவாச ஞாயிறு. அன்றைக்குப் பிரசங்கம் இல்லை. யார் வேண்டுமானாலும் எழுந்து போய்ச் சாட்சி சொல்லலாம். 12 வயதுப் பையன்கள் வெள்ளைச் சட்டையும் டையும் கட்டிக்கொண்டு ரொட்டித் துண்டுகளையும், சின்னச் சின்னக் குவளைகளில் தண்ணீரையும் தட்டில் கொண்டுவந்தார்கள். திராட்சரசம் இல்லை, தண்ணீர்தான். தட்டை வரிசையில் கைமாற்றி விடும்போது ஒரு பையனின் கை நடுங்கி, குவளைகள் கிணுகிணுத்தன. பிறகு நான்கு வயதுக் குழந்தை ஒன்று மேடை ஏறியது. தாய் காதில் சொல்லச் சொல்ல, இந்தச் சபை உண்மையானது என்று எனக்குத் தெரியும் என்று மைக்கில் சொன்னது. எனக்கு உள்ளுக்குள் ஏளனம் வந்தது. உடனே, நம் வீட்டில் மனப்பாட வசனம் சொல்லவைப்பது ஞாபகம் வந்தது, ஏளனம் அடங்கியது. அந்தக் குழந்தை அதே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டே வளரும். 44 வயதில் அதன் நெஞ்சில் இருக்கும் அந்த "எனக்குத் தெரியும்" என்பதை என் 40 கேள்வித் தாள் என்ன செய்துவிடும்?

அந்த நிச்சயத்தின் ஊற்று மார்மன் புத்தகத்தில் உள்ள மரோனி 10:4. மார்மன் புத்தகத்தை வாசித்து, உண்மையா என்று தேவனிடம் உள்ளன்போடு கேட்டால் பரிசுத்த ஆவியானவர் காட்டுவார் என்ற வாக்குறுதி. மிஷனரிகள் உங்களையும் ஜெபித்துப் பார்க்கச் சொல்வார்கள். நான் ஜெபித்தேன், எனக்குப் பொய் என்றுதான் பதில் வந்தது என்று சிலர் மடக்குவார்கள். அது முட்டுச் சந்து. உன் உணர்வா என் உணர்வா என்று இழுபறியாகி நிற்கும். நான் அப்படித்தான் இரண்டு மாதம் நின்றேன். பிறகு கண்டது, அவருடைய அனுபவத்தை மறுக்காமல், அது எப்போது, எப்படி வந்தது என்று கேட்டுவிட்டு, நம்முடைய அனுபவத்தையும் அதே நேர்மையோடு சொல்வதுதான் சரி. சிலியில் ஒரு மழை நாளில் பேருந்து நிறுத்தத்தில் தான் அழுது ஜெபித்ததை அவர் என்னிடம் சொன்னார். அதைக் கேட்க எனக்கு எட்டு மாதம் ஆயிற்று. முதல் நாளே கேட்டிருக்கலாம்.

வீட்டுக்கு வரும் மிஷனரிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. எப்போதும் இரண்டிரண்டு பேராக வருவார்கள். எல்டர், அதாவது மூப்பர், என்று பெயர்ப்பட்டையில் இருக்கும். பையன்களுக்கு வயது 18, 19, 20. ஒரு ஜனவரி மாலை இரண்டு பேரை உட்காரவைத்து, பயிற்சித் தாளில் இருந்து 11 கேள்விகளை வரிசையாக வீசினேன். முதலில் காபி நீட்டினேன், அவர்கள் காபியும் டீயும் தொடமாட்டார்கள் என்பதை மறந்து. இளையவன் பதில் சொல்ல முயன்றான், பிறகு தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். போகும்போது வாசலில் குனிந்து காலணி மாட்டினான். அடிப்பாகம் வாய்பிளந்து, உள்ளே காலுறை ஈரமாகத் தெரிந்தது. பனியில் அப்படியே நடந்து வந்திருக்கிறான். அவன் தாய் வயதில் இருக்கிற என் மனைவி அன்றிரவு என்னோடு பேசவில்லை. இப்போது அவர்கள் வந்தால் முதலில் சாப்பாடு. வீட்டுக்கு எப்போது போன் செய்தாய் என்று கேட்பேன். பேச்சு அதற்குப் பிறகு, அதுவும் அவர்களுக்கு மனமிருந்தால்.

இனி சொல்லவேண்டியது, இத்தனை நாள் யாரிடமும் முழுதாகச் சொல்லாதது. வார்த்தைப் பேச்சில் வெற்றி கிடைக்கவில்லை என்றதும் நான் சரித்திரத்துக்குத் தாவினேன். அவர்கள் சபையே 2013 முதல் 2015 வரை வெளியிட்ட கட்டுரைகள் இருக்கின்றன. எதிரிகள் எழுதியதல்ல, தலைமையே ஒப்புக்கொண்டது. சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித் பலரை மணந்தது, அதில் ஒரு பெண்ணுக்கு 15 வயதுகூட நிறையாதது, மார்மன் புத்தகத்தை மொழிபெயர்க்கையில் தொப்பிக்குள் ஒரு கல்லை வைத்துப் பார்த்தது. அப்புறம் அவர்கள் வேதமாக வைத்திருக்கும் இன்னொரு நூல், ஆபிரகாமின் புத்தகம். 1835இல் வாங்கிய எகிப்தியப் பாப்பிரஸ் சுருளிலிருந்து மொழிபெயர்த்ததாக ஸ்மித் வெளியிட்டார். அந்தச் சுருளின் துண்டுகள் 1967இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்திலிருந்து திரும்பக் கிடைத்தபோது, எகிப்தியல் அறிஞர்கள் அது வழக்கமான ஈமச்சடங்கு எழுத்து, ஆபிரகாமைப் பற்றி ஒன்றுமில்லை என்றார்கள். இதையெல்லாம் அச்செடுத்து, மஞ்சள் கோடு போட்டு, ஒரு சனிக்கிழமை அவர் கையில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, இதெல்லாம் எதிர்ப்பாளர்கள் கட்டிவிட்டது என்று சிலியில் நான் ஜனங்களுக்குச் சொல்லியிருக்கிறேனே என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் காரைத் தொடவில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு அவர் வீட்டுக் கீழறையில் விளக்கு எரியும். மூன்றாவது மாதம் வார்டுப் பொறுப்பை விட்டார், ஆலய அனுமதிச் சீட்டைத் திருப்பிக் கொடுத்தார். நான் சபையில் எழுந்து நின்று சொன்னேன். கைதட்டல், அல்லேலூயா. அவர் எங்கள் சபைக்கு இரண்டு ஞாயிறு வந்தார். முதல் ஞாயிறு டிரம்ஸ் சத்தத்தில் காதைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டாம் ஞாயிறு ஒருவர் அவரை மேடைக்கு இழுத்து, மார்மன் சபையிலிருந்து விடுதலையான சாட்சியைச் சொல்லுங்கள் என்றார். அவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு, என் தாய்தகப்பன் நல்லவர்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினார். பிறகு வரவில்லை.

ஒரு மாதம் கழித்து அவரே வந்து கேட்டார். ஆபிரகாமின் புத்தகத்துக்கு என்ன அளவுகோல் வைத்தீர்களோ அதையே ஆதியாகமத்துக்கு வையுங்கள், யோசுவாவுக்கு வையுங்கள், எது நிற்கிறது பார்ப்போம் என்றார். என்னிடம் பதில் கொஞ்சம் இருந்தது, அவருக்குப் போதவில்லை. சாட்சி, உணர்வு, ஆவியானவரின் உள்குரல் இதெல்லாம் ஏமாற்றும் என்று அவருக்கு 14 மாதம் கற்றுக்கொடுத்தவன் நான்தான். இப்போது அதே நான், இயேசுவை நம்புங்கள், இருதயத்தில் தெரியும் என்றால் எடுபடுமா? அந்தச் சபையை விட்டு வெளியே போகிறவர்களில் பலர் வேறு எந்தச் சபைக்கும் போவதில்லை. இடித்தால் காலி மனை கிடைக்கும், அதில் நாம் கட்டிக்கொள்ளலாம் என்பது என் கணக்கு. இடிக்கிற வித்தையைக் கற்றுக்கொண்டவர் மனையையும் சேர்த்துத் தோண்டிவிட்டார்.

வெளியே வருவதற்கு அவர் கொடுத்த விலை எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அவர்கள் கல்யாணம் ஆலயத்தில் நித்தியத்துக்கும் முத்திரையிடப்பட்டது. மரணம் பிரிக்கும்வரை என்ற பேச்சே இல்லை. கணவன் விலகினால் மனைவிக்கு அது வெறும் கருத்து வேறுபாடு அல்ல, மறுமையில் தன் குடும்பம் கலைந்துபோவது. மூத்த மகள் சபையின் பிரிகம் யங் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். அங்கே தொடர்ந்து படிக்க வார்டு பிஷப்பின் ஒப்புதல் வேண்டும், அப்பாவின் வழியில் அவளும் போனால் படிப்புக்கே ஆபத்து. நாளை அவளுக்கு ஆலயத்தில் கல்யாணம் நடந்தால் அனுமதிச் சீட்டு இல்லாத தகப்பன் உள்ளே போக முடியாது, வெளியே தோட்டத்தில்தான் நிற்க வேண்டும். மன்னிப்புக் கேட்கலாம் என்று அவர் வீட்டுக்குப் போனேன். மனைவிதான் கதவைத் திறந்தார். எங்களுக்கு நித்தியம்வரைக்கும் ஒரு திட்டம் இருந்தது, அதை எடுத்துவிட்டு நீங்கள் என் பிள்ளைகளுக்கு என்ன கொடுத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். கத்தவில்லை. பதிலுக்காக உண்மையிலேயே காத்திருந்தார். நான் நின்றேன். பிறகு கதவை மெதுவாகச் சாத்தினார்.

சாட்சி சொல்வதை நிறுத்திவிட்டேனா என்று கேட்டால், இல்லை. அவர்களுடையது வேறொரு சுவிசேஷம் என்றுதான் இன்றும் நம்புகிறேன். கலாத்தியர் 1:8 மட்டும் முதலில் எடுப்பதில்லை. வானத்திலிருந்து வந்த தூதனே வேறொரு சுவிசேஷம் சொன்னாலும் சபிக்கப்பட்டவன் என்ற வசனத்தை (மார்மன் புத்தகத்தை ஸ்மித்துக்குக் காட்டியது ஒரு தூதன் என்பது அவர்கள் நம்பிக்கை) ஒவ்வொரு மார்மனும் நூறு முறை முகத்தில் வாங்கியிருப்பார். இப்போது செய்வது ஒன்றுதான். யாராவது மனமிருந்து கேட்டால் ரோமர் நிருபத்தைச் சேர்ந்து வாசிக்கிறோம், அவர்கள் பயன்படுத்தும் கிங் ஜேம்ஸ் ஆங்கில வேதாகமப் பதிப்பிலேயே. நாலாம் அதிகாரம் வந்ததும் நிதானிப்பேன். அங்கே தேவனை, பாவியை நீதிமானாக்குகிறவர் என்று பவுல் சொல்கிறார். ஜோசப் ஸ்மித் வேதாகமத்தைத் திருத்தியபோது அந்த வசனத்தில் ஒரு "அல்ல" சேர்த்து, பாவியை நீதிமானாக்காதவர் என்று ஆக்கிவிட்டார். இதை நான் வாதமாக வைப்பதில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, உங்களுக்கு எந்தக் கடவுள் தேவைப்படுகிறார் என்று மட்டும் கேட்கிறேன். நல்லவராக இருந்தே களைத்துப்போன மனிதர்கள் அந்த ஊரில் நிறைய. சரித்திரம் அவர்களாகக் கேட்டால் சொல்கிறேன், நானாக நீட்டுவதில்லை. இன்னொன்று, ஒருவர் வெளியே வந்தால் அவருக்கு வீடு மாற்ற ஆள் வருமா, ஒன்பது நாள் சோறு வருமா என்று முதலில் என் சபையில் கேட்டுவிட்டுத்தான் வாயைத் திறக்கிறேன். இதுவரை நான்கு குடும்பங்கள் ஒப்புக்கொண்டிருக்கிறோம்.

அவர் இப்போதும் பக்கத்து வீட்டில்தான் இருக்கிறார், கீழறையில் தனியாக. பனி பெய்தால் ஐந்தரை மணிக்கு நான் எழுந்து இரண்டு வாசலையும் வாருகிறேன். போன மாதம் ஒரு ராத்திரி அவரிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது, பல மாதங்களுக்குப் பிறகு. முதலிலேயே ஒருமுறை ரோமரில் ஏதோ ஒரு வசனம் காட்டினீர்களே, பாவியைப் பற்றி, அது எத்தனையாவது என்று கேட்டிருந்தார். நீளமாக ஒன்று எழுதினேன், அழித்தேன். இன்னொன்று எழுதினேன், அதையும் அழித்தேன். 4:5 என்று மட்டும் அனுப்பினேன். பார்த்துவிட்டார் என்று காட்டியது. அதற்குமேல் நான் ஒன்றும் அனுப்பவில்லை.